காதைக் கழற்றி வைத்துவிட்டு நடிக்கலாமா?

தொடர் ஒன்றின் படப்பிடிப்பில் எடுக்கப்படும் குளோசப்பைக் கவனித்துப் பாருங்கள். எதிரில் அம்மா வேஷக்காரர் அழுதுகொண்டே பேசி முடிக்கிறார். மகனாக நடிப்பவரின் கண் அரை நொடி கேமராவுக்கு இடப்பக்கம் போய் வருகிறது. அங்கே தாளோடு குந்தியிருக்கும் உதவி இயக்குநர் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கிறார். அதைக் காதில் வாங்கிய பிறகே மகன் உருக ஆரம்பிக்கிறார். வசனம் பிசகவில்லை, டேக் ஓகே. டப்பிங்கில் பிராம்ப்ட் குரல் போய்விடும். கண் போய் வந்தது போகாது.

நம் நடிகர்கள் ஜிம்முக்குப் போகிறார்கள், சிலம்பம் பழகுகிறார்கள், குரலைப் பேணுகிறார்கள். எதிராளி பேசுவதைக் கேட்கும் பழக்கம் மட்டும் தேய்ந்துகொண்டே வருகிறது. பிராம்ப்டிங்தான் இதற்குப் பெரிய காரணம் என்பது என் கட்சி.

காலையில் எழுதிய வசனத்தை மதியம் படமாக்குகிற அவசரம் எனக்கும் தெரியும். தமிழ் தெரியாமல் நடிக்க வருகிறவர்களுக்கும் வேறு வழியில்லை. வீட்டில் தமிழிலேயே சண்டை போடுகிறவர், கையில் கொடுத்த தாளைப் புரட்டாமல் ஷாட்டுக்கு வந்து நிற்கிறாரே, அவரைத்தான் சொல்கிறேன்.

சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட அந்நாளைய பாய்ஸ் கம்பெனிகளில் பாடம் ஏறாமல் மேடை ஏற முடிந்ததில்லை. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில், டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகவே தேறி வந்தார்கள். அந்தக் காலத்துப் பிரம்படி திரும்பி வர வேண்டாம். ஆனால் வரி நாக்கில் இருந்தால்தான் காதுக்கு வேலை கிடைக்கும்.

தெருக்கூத்தில் கேட்காமல் பிழைக்கவே முடியாது. வேஷக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். நடுவில் கட்டியங்காரன் புகுந்து ஏடாகூடமாக ஒன்று கேட்பான். அன்றைக்கு ஊரில் நடந்த சங்கதியாகக்கூட இருக்கும். துரியோதனனே ஆனாலும் அதைக் காதில் வாங்கித்தான் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மைஸ்னர் உருவாக்கிய பயிற்சியும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகிறது: இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மற்றவரிடம் கண்டதைச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். “சட்டை கசங்கியிருக்கு.” “சட்டை கசங்கியிருக்கு.” சொற்கள் அப்படியே நிற்க, கொஞ்ச நேரத்தில் தொனியில் எரிச்சலோ வெட்கமோ ஏறும். யாரும் அதை வரவழைப்பதில்லை, எதிராளியிடமிருந்து வருகிறது.

எடிட்டிங் அறையில் ஒரு நாள் உட்கார்ந்தால் இன்னொன்றும் புரியும். பேசுகிறவரைவிடக் கேட்கிறவரின் முகம்தான் பல காட்சிகளைத் தாங்குகிறது. அந்த ரியாக்‌ஷனைத் தேடும்போது அகப்படுவது என்ன? தன் முறைக்குக் காத்திருக்கும் முகம். சிலருக்கு எதிராளியின் வசனத்துக்குச் சேர்ந்தாற்போல உதடும் அசையும். வெட்டி எறிவதைத் தவிர எடிட்டருக்கு வழியில்லை. பிறகு, தன் குளோசப்பைக் காணோம் என்று நடிகருக்கு வருத்தம்.

லைட்டிங் முடியும்வரை கேரவனில் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்காமல், எதிரில் நடிப்பவரோடு பத்து நிமிடம் வசனத்தை வாசித்துப் பாருங்கள். உங்கள் வரியோடு அதற்கு முந்தைய வரியையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் குளோசப் முடிந்ததும், எதிராளியின் ஷாட்டுக்குக் கேமராவின் பக்கத்தில் நின்று நீங்களே வசனம் கொடுங்கள். அதை உதவி இயக்குநர் தலையில் கட்டாதீர்கள். ஆடிஷன் நடத்துகிற இயக்குநர்களிடமும் ஒரு வேண்டுகோள்: தனி வசனம் பேசச் சொல்வதை விட்டு, இருவர் காட்சியைக் கொடுத்து, பேசாமல் நிற்கிறவரைப் பாருங்கள்.