படத்திலும் கலப்படம் உண்டு

நம் கடையின் முகப்பைச் சற்றுத் தள்ளி நின்று, வாடிக்கையாளர் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்ப்போம். பருப்பும் புளியும் எண்ணெயும் உள்ளே இருக்கின்றன. வெளியே தெரிபவை முகங்கள். சோப்பு, ஷாம்பு, பவுடர், முகப்பூச்சு என்று கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன தட்டிகளிலிருந்து பெண்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த முகங்களில் ஒரு மரு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை, வியர்வைத் துளை ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு முகத்தை நம்மில் யாராவது நேரில் பார்த்ததுண்டா?

மிளகில் பப்பாளி விதையையும் மிளகாய்த் தூளில் செங்கல் தூளையும் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நாம். மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிப் பார்த்தே சரக்கின் தரத்தைச் சொல்லிவிடுவோம். ஆனால் நம் கையாலேயே ஆணி அடித்து மாட்டும் படத்தை மட்டும் நாம் சோதிப்பதில்லை. அதிலும் கலப்படம் உண்டு, அதில் நமக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

கல் பொறுக்குவது வேறு, சாயம் ஏற்றுவது வேறு

படத்தைத் திருத்துவதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. 'டச்சிங்' வேலை கிட்டத்தட்டப் புகைப்படக் கலையோடு கூடவே வளர்ந்தது. ஜெர்மனியின் மூனிச் நகரைச் சேர்ந்த ஃப்ரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கிள் என்பவர் 1855-இல் பாரிஸ் கண்காட்சியில், திருத்துவதற்கு முன்னும் பின்னுமாக ஒரே படத்தை வைத்துக் காட்டிப் பார்த்தவர்களை வியக்க வைத்தார். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்து, கூர் சீவிய பென்சிலால் பருவையும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் மறைத்தார்கள். கல்யாணத்துக்குக் கொடுக்கும் படத்தில் அன்றைக்கு வந்த பரு ஒன்றை எடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த வாரம் அது தானாகவே போய்விடும்.

பருப்பைப் புடைத்துக் கல் பொறுக்குவதை யாரும் கலப்படம் என்பதில்லை. அதே பருப்புக்கு மஞ்சள் சாயம் ஏற்றினால் குற்றம். வாங்குகிறவர் எதை நம்பிக் காசு கொடுக்கிறாரோ, அதையே மாற்றிவிடுவதுதான் கலப்படம். சுருக்கத்தைப் போக்கும் என்று விற்கிற பூச்சின் விளம்பரத்தில் கம்ப்யூட்டரைக் கொண்டு சுருக்கத்தைப் போக்கினால் அது அலங்காரம் ஆகாது. எடைக்கல்லின் அடியைக் குடைந்து வைப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

1990-இல் ஃபோட்டோஷாப் வந்தது. பென்சில் வேலை மெல்ல மெல்லக் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. இன்று கைப்பேசியிலேயே நிறம், தாடை, இடுப்பு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். வேலை சுலபமாக ஆக, மனசாட்சிக்கு வேலை அதிகமாகிறது.

வெளிநாட்டில் பிடிபட்டவை

1994 ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்தது இது. கொலைக் குற்றச்சாட்டில் கைதான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் படம் ஒன்றைப் போலீசார் வெளியிட்டனர். அதே படத்தை 'டைம்', 'நியூஸ்வீக்' ஆகிய இரண்டு பத்திரிகைகளும் ஒரே வாரத்தில் அட்டையில் போட்டன. நியூஸ்வீக்கில் படம் உள்ளபடி இருந்தது. டைமில் முகம் மேலும் கறுப்பாக்கப்பட்டிருந்தது. இரண்டும் கடைகளில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியபோது குட்டு வெளிப்பட்டது. முகத்தைக் கறுப்பாக்கினால்தான் குற்றவாளியாகத் தெரியுமா என்று கண்டனம் கிளம்பி, டைம் ஆசிரியர் வாசகர்களுக்கு விளக்கம் எழுத நேர்ந்தது.

2011-இல் பிரிட்டனில் நடந்தது நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் தோன்றிய லான்கோம் விளம்பரம், மாடல் கிறிஸ்டி டர்லிங்டன் தோன்றிய மேபெலின் விளம்பரம் ஆகிய இரண்டையும் அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் தடை செய்தது. இரண்டும் லோரியால் நிறுவனத்தின் முகப்பூச்சுகள். ஜோ ஸ்வின்சன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொடுத்த புகார் அது. படத்தில் தெரியும் பளபளப்பு பூச்சினால் வந்ததா, திருத்தத்தினால் வந்ததா என்பதுதான் கேள்வி. அதை ஆணையம் திருப்தி அடையும்படி நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை. சரக்கு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் மாதிரியைக் காட்டி விற்கிறவன், அந்த மாதிரி உண்மை என்று காட்டத்தானே வேண்டும்?

பிரான்சில் 2017 அக்டோபர் முதல், மாடல்களின் உடலமைப்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட புகைப்படம்' என்று அச்சிட வேண்டும். மீறினால் 37,500 யூரோ வரை அபராதம். நார்வேயிலும் 2022 ஜூலை முதல் இப்படிப்பட்ட சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு யாரும் தன் உடம்பைப் பற்றி வருந்துவதை நிறுத்திவிடவில்லை என்றுதான் ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. லேபிள் ஒட்டினால் மட்டும் போதாது, கலக்காமல் இருப்பதே மேல்.

நம் அலமாரியில் இருந்தது

ஒரு பக்கம் மங்கலான முகம், மறு பக்கம் வெளுத்த முகம் என்று இரண்டு முகம் போட்ட ட்யூபை நாம் எல்லோரும் விற்றோம். நிறத்தை அளந்து பார்க்க ஓர் அட்டையும் அதோடு வந்தது. 'கறுப்பென்றால் கெட்டது' என்று அமெரிக்கப் பத்திரிகையில் எந்த அளவுகோல் வேலை செய்ததோ, அதே அளவுகோல்தான் இதுவும். அந்த இரட்டை முகமும் அட்டையும் 2019-இல் எடுக்கப்பட்டன. 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரே 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாறியது. கறுத்த நிறமுள்ளவர்களை அழகற்றவர்களாக, வேலையும் கல்யாணமும் கைகூடாதவர்களாகக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-லேயே விதி வகுத்திருந்தது.

இத்தனை ஆண்டுகளும் நாம் என்ன செய்தோம்? பள்ளிக்கூடச் சீருடையில் வந்த பிள்ளை சில்லறையை நீட்டி, "அண்ணாச்சி, இது போட்டா வெள்ளையாயிடுவேனா?" என்று கேட்டபோது, "ஆயிடுவம்மா" என்று சிரித்துக்கொண்டே சாஷேயைக் கிழித்துக் கொடுத்தோம். அரிசியில் கல் கிடந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிற நாம், அந்தப் பிள்ளைக்கு எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்?

"நமக்கென்ன வந்தது?"

"தட்டி கம்பெனியுடையது, படம் கம்பெனியுடையது, நாம் இடம்தானே கொடுக்கிறோம்?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, தவறான விளம்பரத்தை நிறுத்தவோ மாற்றவோ வணிகருக்கும் உத்தரவிடலாம். தயாரிப்பாளருக்கும் பரிந்துரைத்து நடிப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு.

சட்டத்தை விடுவோம். வாடிக்கையாளர் கம்பெனி முதலாளியைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்த முகம் நம் முகம். பொருள் சொன்னபடி இல்லையென்றால் அவர் திட்டுவது நம்மைத்தான்.

"சிறு வியாபாரி சொல்லி யார் கேட்பார்கள்?" என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் சி.வி.எஸ். என்ற மருந்துக் கடைத் தொடர், தன் கடைகளிலும் விளம்பரங்களிலும் அழகுப் பொருள் படங்களில் தோல், உடலமைப்பு முதலியவற்றைத் திருத்துவதில்லை என்று 2018 ஜனவரியில் அறிவித்தது. திருத்தாத படத்துக்கு ஒரு முத்திரை கொடுத்தது. சரக்கு அனுப்பும் கம்பெனிகளும் 2020 முடிவதற்குள் அதற்கு இணங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அது பெரிய நிறுவனம், உண்மைதான். ஆனால் ஒரு ஊரின் கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்தால் அதுவும் பெரிய நிறுவனம்தான். சங்கம் என்று ஒன்று வைத்திருப்பது எதற்காக?

ஆகவே மூன்று காரியங்களை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம். முதலாவது, 'உபயோகிக்கும் முன் – உபயோகித்த பின்' என்று முகம் காட்டும் தட்டிகளை மாட்ட மறுப்போம். தட்டி கொண்டுவரும் பிரதிநிதியிடம், இந்தப் படத்தில் திருத்தம் உண்டா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குவோம். இரண்டாவது, ஜவுளி, நகை, அழகுப் பொருள் விற்கும் உறுப்பினர்கள் தாங்கள் அச்சிடும் நோட்டீசில் மாடலின் நிறத்தையும் உடம்பையும் மாற்றாதிருக்கட்டும். நோட்டீசில் உள்ள சேலையின் நிறம் கடையில் உள்ள சேலையின் நிறமாகவே இருக்கட்டும். மூன்றாவதற்குக் காசு செலவே இல்லை. இனி எந்தப் பிள்ளையாவது அந்தக் கேள்வியைக் கேட்டால், "உன் நிறத்துக்கு என்னம்மா குறைச்சல்?" என்று சொல்லிவிட்டு, கேட்ட பொருளைக் கொடுப்போம். ஒரு சாஷே விற்காமல் போனாலும் போகட்டும்.

தராசு முள் நேராக நிற்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். கடைவாசலில் தொங்கும் படமும் அந்தத் தராசைச் சேர்ந்ததுதான்.