தூண்டில் முள் இல்லாத புதையல்

2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களை ஒளித்து, அவ்விடத்தைச் செயற்கைக்கோள் காட்டும் எண்களால் அறிவித்தார். 'ஜியோகேச்சிங்' என்னும் புதையல் விளையாட்டு இவ்வாறு பிறந்தது. கண்டெடுப்பவர் உள்ளிருக்கும் ஏட்டில் பெயரெழுதுவார். ஒன்றை எடுத்தால் ஈடாக வேறொன்றை வைப்பார்.

நம் சங்கரன்கோவில் வட்டாரக் குளக்கரையிலும், உரியவர் அனுமதியுடன், மீன்பிடித் தொழிலைக் கூறும் பெட்டி வைக்கலாம். ஆனால் தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் அதில் கூடவே கூடாது! முள் குழந்தையின் விரலைக் கிழிக்கும். கரையில் சிதறிய நரம்பு கொக்கின் காலில் சுற்றி உயிரையே மாய்க்கும். தக்கையும், கெண்டை, கெளுத்தி, விரால் படங்களும் போதுமே! மண்ணைத் தோண்டாமல், மழைநீர் புகாத டப்பாவில் வைப்போம். புதையல் தேடி வருவோர் நம் குளத்தின் அழகையும் கண்டு செல்லட்டும்!