தவணை தவறும் முன்பே வங்கிப் படி ஏறுங்கள்

நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்திருப்போரின் கவலை மருந்தோடு முடிவதில்லை. பொதட்டூர்பேட்டையிலோ அம்மையார்குப்பத்திலோ விசைத்தறி நின்றால் அன்றே கூலியும் நின்றுவிடுகிறது. வீட்டுக் கடனின் மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை. அப்போது குடும்பங்கள் வழக்கமாகச் செய்வது என்ன? வங்கியின் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. வந்த கடிதத்தைச் சாமி படத்தின் பின்னால் செருகிவிடுகின்றனர். கந்து வட்டிக்கு வாங்கித் தவணையைக் கட்டுகின்றனர். இம்மூன்றுமே வீட்டை இழப்பதற்கான குறுக்கு வழிகள் என்பது எம் கருத்து.

வங்கியிடம் பேசுவதற்கு ஏற்ற காலம், முதல் தவணை தவறுவதற்கு முந்தைய வாரமே. தவணை நிலுவை 90 நாள்களைக் கடந்தால் அக்கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் கிளை மேலாளரின் கை பெரிதும் கட்டுண்டு போகிறது. அதற்குமுன் சென்றால், கடன் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கவோ, சில மாதங்கள் தவணையைத் தள்ளிவைக்கவோ அவர் பரிந்துரைக்க இயலும். இது சலுகையே, உரிமையாகக் கோர முடியாது. தள்ளிவைத்த காலத்திற்கும் வட்டி ஏறும் என்பதை மறக்கலாகாது. எனினும் கந்து வட்டியோடு ஒப்பிட்டால் அது சிறு சுமையே. வாயால் கேட்டுத் திரும்பாமல் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாள்களில் பதில் வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடன் பத்திரக் கட்டையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கடன் வாங்கிய நாளில் கையொப்பமிட்ட தாள்களுக்கிடையே ஒரு காப்பீடும் இருக்கக்கூடும். சில காப்பீடுகள் இறப்புக்கு மட்டுமன்றிக் கடும் நோய்க்கும் தொகை தரும். பலர் அதனை மறந்தே போகின்றனர்.

வீடு ஒரே நாளில் பறிபோவதன்று. 2002-ஆம் ஆண்டின் 'சர்ஃபேசி' சட்டப்படி வங்கி முதலில் 60 நாள் கெடுவுடன் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. தமிழும் தெலுங்கும் பேசும் இவ்வூர்க் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பயன்படும் என்று வங்கிகள் எண்ணிப் பார்ப்பது நன்று. அந்த அறிவிப்புக்கு எழுத்தில் மறுப்புரை தந்தால், வங்கி 15 நாள்களுக்குள் காரணத்துடன் விடையளித்தாக வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை நாடலாம். உரிமையியல் நீதிமன்றம் இதில் தலையிட இயலாது. அங்கே அலைந்து நாள்களை இழப்பவர் உண்டு. ஏல அறிவிப்பு வெளியாகும் முன் நிலுவை முழுவதையும் செலவுத் தொகையுடன் செலுத்திவிட்டால் வீடு மீளும். ஏலம் நெருங்கும் அளவுக்கு விடுவதைவிட, நாமே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைப்பது மேல் எனவும் சில குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியுள்ளது. கசப்பான சொல்தான்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என மலைக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களும், பட்டியல் இனத்தவரும், பழங்குடியினரும், மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம்.

நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து வருவோர்க்கு ஒரு சொல். 'சர்ஃபேசி' நடுவண் சட்டமாதலால் எல்லைக்கு இருபுறமும் அது ஒன்றே. மருத்துவக் காப்பீடு அவ்வாறன்று. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட தமிழகக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை துணை நிற்கிறது. ஆந்திர மாநிலத்தவர் தம் அரசின் திட்டத்தையே நாட வேண்டும். சேர்க்கைக்கு முன்பே இதனைக் கேட்டறிந்தால், தவணைக்கென வைத்த பணம் சிகிச்சையில் கரையாது.

வங்கிக்குச் செல்லும்போது நோயின் தன்மை, சிகிச்சைக் காலம், எத்தனை மாதம் வேலை செய்ய இயலாது என்பன அடங்கிய மருத்துவச் சான்றைக் கையில் கொண்டு செல்லுங்கள். வீடு திரும்பும் நாள்வரை காத்திராமல், சிகிச்சை நடக்கும்போதே அதனை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.