'தோல் நிறம்' யாருடைய நிறம்?



'என் குடும்பம்' என்னும் தலைப்பில் தொடக்கநிலை மாணவர்களைப் படம் வரையச் சொல்லிப் பாருங்கள். உட்லண்ட்ஸ் வீவக வீட்டில் வளரும் தமிழ்ப்பிள்ளை, அம்மாவின் முகத்துக்கு இளஞ்சிவப்பு வண்ணக்கோலைத் தேடும். அதற்குத் 'தோல் நிறம்' என்று பெயர் வேறு! படத்தில் பட்டுச்சேலையும் பொங்கல் பானையும் இருக்கும். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் அப்பா இருக்க மாட்டார். இதைப் பிள்ளைகள் தாமாகக் கற்கவில்லை. நாம் வகுப்பறைச் சுவரில் ஒட்டும் படங்களே கற்பித்தன.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வாழும் கறுப்பினக் கலைஞர் லட்டோயா ஹாப்ஸ், 2020-21ஆம் ஆண்டுகளில் தம் குடும்பத்தின் ஒரு நாளை ஐந்து பெரிய மரச்செதுக்குக் காட்சிகளாக ஆக்கினார். காலைப்பொழுது, வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம், இரவு உணவு, பிள்ளைகள் உறங்கும் வேளை, இறுதியில் அவரது கலைக்கூடம். விழாவுமில்லை, வேடமுமில்லை. ஒரு தாயின் சாதாரண நாளே கலைக்குப் போதுமானதாயிற்று.

மரச்செதுக்கு அச்சில் செதுக்காத பரப்பில்தான் மை ஒட்டும். செதுக்கிய கோடு வெண்மையாய் நிற்கும். அங்கே கறுப்பு பின்னர்ப் பூசும் சாயம் அன்று, அதுவே அடித்தளம். ஒளியைத்தான் நாம் செதுக்கி எடுக்கிறோம்.

சிங்கப்பூருக்கும் இக்கலை புதிதன்று. 1961இல் நேர்ந்த புக்கிட் ஹோ சுவீ தீயின் பேரழிவை லிம் யூ குவான் 1966இல் மரத்தில் செதுக்கினார். எரிந்த குடியிருப்பு கலைப்பொருளாகலாம். நாம் வாழும் குடியிருப்பு ஆகக்கூடாதா?

"கறுப்பாய்க் காட்டினால் பிள்ளைகள் மனம் புண்படும்" என்பார்கள். கண்ணனையும் காளியையும் கறுப்பாய்ப் போற்றிய மொழியைக் கற்பித்துக்கொண்டே இதைச் சொல்லலாமா? உள்ள நிறத்தை மறைப்பதே பிள்ளையைப் புண்படுத்தும்.

"சிறுவர் கையில் உளியா?" என்பது அடுத்த வினா. நியாயமானதே. உளி வேண்டாம். மெல்லிய நுரைப்பலகையில் மழுங்கிய பென்சிலால் அழுத்தி வரையச் சொல்லுங்கள். மையை உருட்டித் தாளில் ஒற்றினால் அழுந்திய கோடுகள் வெண்மையாகவும் மற்றவை கறுப்பாகவும் வரும். சன்னலுக்கு வெளியே துணி காயும் கழி, சோறு வடிக்கும் பாட்டி, களைத்துறங்கும் அப்பா, அனைத்தும் அதில் இடம்பெறட்டும். பிறகு அப்படத்தைப் பற்றித் தமிழில் பேசச் சொல்லுங்கள். மனப்பாடக் கட்டுரையில் வராத சொற்கள் அப்போது வரும்.

தன் வீட்டைக் காட்ட நாணும் பிள்ளை, அவ்வீட்டின் மொழியைப் பேசவும் நாணும். ஆசிரியர்களே, 'தோல் நிறம்' என்னும் அந்தப் பெயரை முதலில் நம் வகுப்பறையிலிருந்து அகற்றுவோம்.

மாற்றுக் கருத்திருப்பின் எழுதுங்கள், உரையாடுவோம்.