படக்கென்று ஒரு நெட்டி

காரைக்கால் பாரதியார் சாலையானாலும் சரி, நெடுங்காடு கடைத்தெருவானாலும் சரி, சலூனில் முடிவெட்டி முடித்ததும் ஓர் இலவச இணைப்பு உண்டு. தலையில் நாலு தட்டு, தோளில் ஒரு பிடி, கடைசியில் தாடையைப் பிடித்து இடமும் வலமும் படக்கென்று ஒரு திருப்பு. நெட்டி விழுந்தால்தான் பலருக்குக் கொடுத்த காசு செரிக்கும். தட்டட்டும், பிடிக்கட்டும். அந்தத் திருப்பு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் நான்கு. அவற்றில் பின்கழுத்து வழியே ஏறும் இரண்டும், கழுத்தெலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகளில் கோத்த நூல்போல மேலே போகும். மண்டைக்குள் நுழையுமுன் முதல் எலும்பைச் சுற்றி வளையும். வெடுக்கென்று திருப்பினால் இழுபடுவது அந்த இடம்தான். குழாயின் உள்சுவர் கிழிந்தால், அங்கே உறையும் ரத்தக்கட்டி சிறுமூளைக்கோ மூளைத்தண்டுக்கோ போய் அடைத்துக்கொள்ளும். அதுவும் பக்கவாதம்தான். சர்க்கரையும் கொழுப்பும் இல்லாத முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கும் வரும்.

கர்நாடகத்தில், சலூன்காரர் கழுத்தைத் திருப்பியதில் 30 வயது இளைஞருக்கு முன்கழுத்துக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தது 2024-ல் செய்தியானது. பெண்களும் கவனிக்க வேண்டும். பார்லரில் கழுத்தைப் பின்னால் தொங்கவிட்டுத் தலை அலசியதால் பக்கவாதம் வந்த ஐந்து பெண்களைப் பற்றி, அமெரிக்க மருத்துவர் மைக்கேல் வெயின்ட்ராப் 1993-லேயே எழுதினார். 2022-ல் ஹைதராபாத்தில் 50 வயதுப் பெண்ணுக்கு அதே கதை. தலைசுற்றல், வாந்தி என்றதும் முதலில் காட்டியது வயிற்று டாக்டரிடம்!

அங்கேதான் சிக்கல். இந்த வகையில் கை, கால் விழாமலே இருக்கலாம். திடீரென்று பின்கழுத்திலோ பின்மண்டையிலோ இதுவரை இல்லாத வலி, தள்ளாட்டம், இரண்டிரண்டாகத் தெரிதல், குரல் கம்மல், நிற்காத விக்கல், முகத்தில் ஒருபக்கமும் உடம்பில் மறுபக்கமும் மரத்துப்போதல்... நாமோ 'பித்தம்' என்று எலுமிச்சம்பழம் பிழிவோம். விழுங்கும் சக்தியே போயிருக்கலாம், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம். பெரிய ஆஸ்பத்திரி என்று புதுச்சேரி ஜிப்மருக்குக் காரில் கிளம்பினால் 130 கிலோமீட்டர், பாதி நேரம் சாலையிலேயே போய்விடும். ஸ்கேன் வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போய், அவர்கள் அனுப்பினால் ஆம்புலன்ஸில் போவதுதான் சரி. சாதாரண சி.டி. ஸ்கேனில் இது தெரியாமலும் போகலாம். அதனால், கழுத்தைத் திருப்பிய விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கழுத்துக் குழாய்களையும் சேர்த்துப் பார்ப்பார். கிழிசல் பெரும்பாலும் சில மாதங்களில் தானே ஆறும். அதுவரை ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தருவார்கள்.

நெட்டி எடுத்தவர்களுக்கெல்லாம் இது வந்துவிடாது. கிழிசலும் திருப்பினால்தான் வரும் என்றில்லை. பலமான இருமலில், பைக் விபத்தில், சிலருக்குக் காரணமே தெரியாமல்கூட வரும். சலூன்காரரைத் திட்ட வேண்டாம், நாம் கேட்டுத்தானே செய்கிறார்! பார்லருக்குப் போனால் கழுத்துக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைக்கச் சொல்லுங்கள், அல்லது முன்னால் குனிந்து அலசிக்கொள்ளுங்கள்.