பூட்டனின் பிறப்பிடம் எங்கே?

தொலைக்காட்சிப் பேட்டிகளில் அமைச்சர்களையே திணறடித்துப் பெயர் பெற்றவர் பிரித்தானிய ஊடகவியலாளர் ஜெரமி பக்ஸ்மன். அவர் 2006இல் கமராவின் முன்னால் கண்கலங்கினார். பிரபலமானவர்களின் முன்னோரைப் பதிவேடுகளில் தேடிச் செல்லும் 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்' என்ற பிபிசி தொடரில் அது நிகழ்ந்தது. திருமணத்துக்கு வெளியே பிள்ளை பெற்றார் என்பதற்காகத் தமது பூட்டியின் வறியோர் நிவாரணம் நிறுத்தப்பட்டதை அவர் அன்றுதான் அறிந்தார். நூறாண்டுக்கு முந்திய ஒரு பதிவேட்டின் சில வரிகள் ஒரு நாட்டின் சமூக வரலாற்றையே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தன.

இவ்வகை நிகழ்ச்சிகளுக்கு முன்னோடி 1977 ஜனவரியில் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'ரூட்ஸ்' எனலாம். அலெக்ஸ் ஹேலியின் நூலைத் தழுவிய அத்தொடர் அடிமை முறையை ஒரு குடும்பத்தின் கதையாகச் சொன்னது. ஹேலிக்குக் கைகொடுத்தது பெருமளவும் வாய்வழி நினைவே. ஏனெனில் 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைகள் கணக்கெடுப்பில் மிகப் பெரும்பாலோருக்கு வயதும் பாலும் நிறமும் உண்டு, பெயர் இல்லை. விடுதலை பெற்றவர்கள் பெயரோடு பதிவானது 1870இல்தான். ஆயினும் ஹேலி சொன்ன வம்ச வழியைப் பின்னாளில் ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினர். நினைவு மதிப்புமிக்கது, ஆனால் அதையும் சரிபார்க்கவே வேண்டும்.

காகிதம் உள்ளவர்களின் சிக்கல் வேறு. ஹென்றி லூயிஸ் கேட்ஸ் நடத்தும் அமெரிக்க நிகழ்ச்சியில் பங்கேற்ற நடிகர் பென் அஃப்லெக், அடிமைகளை வைத்திருந்த தமது முன்னோரின் செய்தியைத் தவிர்க்குமாறு கேட்டிருந்தார். அது தவிர்க்கவும்பட்டது. 2015இல் உண்மை வெளிவந்தபோது, வெட்கமாக இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது வரலாறு ஆகாது, விளம்பரமாகிவிடும்.

இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் பிரசையாவதற்குத் தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அது. தேயிலைத் தோட்ட லயன் அறையில் பிறந்தவரிடம் பூட்டனின் பிறப்புக்குச் சான்று எப்படி இருக்கும்? ஏறக்குறைய 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். எஞ்சியவர்களின் நிலை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு மாலைநேரப் பொழுதுபோக்காகிய கேள்வி, அவர்களுக்கு வாழ்வுரிமையின் கேள்வியாக இருந்தது.

நம்மவர்களைத் தேடி எந்தத் தொலைக்காட்சியும் வரப்போவதில்லை. பெயர்வு, எரிப்பு, குண்டுவீச்சு ஆகியவற்றில் உறுதிகளும் படங்களும் எத்தனையோ வீடுகளில் அழிந்துபோயின. எஞ்சியிருப்பது அப்பாச்சியின், அம்மம்மாவின் நினைவுதான். ரொறொன்ரோவில் இருந்தாலும் ஹற்றனில் இருந்தாலும், அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள், பதிவு செய்யுங்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேளுங்கள். கிணற்றில் யாரைத் தண்ணீர் அள்ள விடவில்லை என்பதையும் சேர்த்தே கேளுங்கள். சீதனக் காணியைப் பெருமையோடு சொல்பவர்கள் அந்த இடத்தில் சற்று மௌனமாகலாம். அந்த மௌனத்தையும் எழுதி வையுங்கள். நமது வரலாற்றில் அதற்கும் ஓர் இடம் உண்டு.