ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் எந்தக் கடையில விக்குது?

சனிப்பெயர்ச்சி அன்னிக்கு திருநள்ளாறு வந்து பாத்திருக்கீங்களா மக்களே? நளன் குளத்துல கால் வைக்க இடம் இருக்காது. ஊர் உலகத்துல இருக்குறவங்க எல்லாம் தங்களோட சனியைக் கழுவிட்டுப் போக எங்க காரைக்காலுக்குத்தான் வர்றாங்க. ஆனா பாருங்க, எங்க ஊர்ப் பசங்களைப் புடிச்ச சனிக்கு மட்டும் அங்க பரிகாரம் இல்லை. அந்தச் சனிக்குப் பேரு 'மினிமம் ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்'.

விஷயத்துக்கு வர்றேன். எங்க அக்கா பையன் பி.டெக் மெக்கானிக்கல் முடிச்சுட்டான். காரைக்கால்லயே படிச்சான், ஒரு அரியர் கிடையாது. கேம்பஸுக்கு வந்த ஒண்ணு ரெண்டு கம்பெனியும் பொட்டி தட்டத்தான் ஆள் எடுத்தாங்க. இவனுக்கோ பம்பு, கம்ப்ரசர், வால்வுன்னா உசுரு. (என் மருமகன் ஆச்சே, ஹி ஹி.) போன வாரம் போன் பண்ணான்.

"மாமா, இங்க ஒரு ஆலையில மெயின்டனன்சுக்கு ஆள் எடுக்குறாங்கன்னு போனேன். கேட்டுலயே எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். இருந்தா வா தம்பின்னு அனுப்பிட்டாங்க."

"சரி, விடுடா மாப்ள."

"இருங்க மாமா, இன்னும் முடியல. வெளில நின்ன ஒரு கான்ட்ராக்டர் கூப்பிட்டு, ஹெல்பரா வர்றியா, தினக்கூலி தர்றேன்னாரு. ஆனா பி.டெக்னு உள்ள யார்கிட்டயும் சொல்லிடாதன்னாரு."

நாலு வருஷம் படிச்ச படிப்பை மறைச்சாத்தான் உள்ளே விடுவாங்களாம்! எந்த ஆலைன்னு சொல்லப் போறதில்லை. ஒரு ஆலையைத் திட்டி ஆகப் போறது ஒண்ணும் இல்லை. திட்ட வேண்டியது அந்தக் கேள்வியை.

எங்க ஊரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தோட ஒரு துண்டு. மொத்தம் சுமார் 160 சதுர கிலோமீட்டர், 2011 கணக்குப்படி ரெண்டு லட்சம் ஜனம். கிழக்கே கடல், மத்த மூணு பக்கமும் தமிழ்நாடு. தலைநகரமான புதுச்சேரிக்குப் போகணும்னா நூத்தி முப்பது கிலோமீட்டர் தமிழ்நாட்டைத் தாண்டணும். வாஞ்சூர் எல்லையில தமிழ்நாட்டு ஆளுங்க சரக்கு வாங்க உள்ளே வர்றாங்க, எங்க பசங்க வேலை தேடி வெளியே போறாங்க. எல்லையில நடக்குற பரிமாற்றம் அவ்ளோதான்.

சரி, ஊர்ல ஒண்ணுமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. ஓ.என்.ஜி.சி.யோட காவிரிப் படுகை வேலைகளுக்குத் தலைமையிடமே காரைக்கால்தான். டி.ஆர்.பட்டினத்துல 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கு, புதுச்சேரி அரசோட சொந்தக் கம்பெனி. 2009ல ஆரம்பிச்ச துறைமுகம் இருக்கு, 2023ல அதானி கைக்கு மாறிடுச்சு. ரசாயன ஆலை, இரும்பு உருட்டாலைன்னு இன்னும் சில இருக்கு. இன்ஜினியரிங் காலேஜ்? அரசு தரப்புலயே ரெண்டு. 2007ல நெடுங்காட்டுல பெருந்தலைவர் காமராசர் பேர்ல ஒண்ணு, 2010ல ஆரம்பிச்ச என்.ஐ.டி. ஒண்ணு. தனியார் காலேஜ், பாலிடெக்னிக் எல்லாம் தனிக் கணக்கு.

ஆக, இன்ஜினியரை உருவாக்கவும் இடம் இருக்கு, இன்ஜினியருக்கு வேலையும் இருக்கு. நடுவுல ஒரு படி மட்டும் இல்லை. அதுதான் அந்த முதல் வருஷம்.

உடனே சில அறிவாளிங்க வருவாங்க. "இப்ப படிச்சுட்டு வர்ற பசங்களுக்குத் திறமையே இல்லைங்க. ஒரு நட்டை முடுக்கத் தெரியல." டீக்கடையில ஆரம்பிச்சு டிவி விவாதம் வரைக்கும் இதே பாட்டுதான். அவங்களுக்கு என் சொந்தக் கதையைச் சொல்றேன்.

2003ல நானும் இதே மாதிரி சான்றிதழைத் தூக்கிட்டு அலைஞ்சவன்தான். கடைசியில அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பம்பு ரிப்பேர் பட்டறையில 2,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு பம்பையும் மோட்டாரையும் கப்ளிங் போட்டு இணைக்கச் சொன்னாங்க. ஸ்கேலை வச்சுப் பார்த்தேன், நேரா இருந்துச்சு, முடுக்கிட்டேன். ஓட விட்டா தடதடன்னு ஆடுது. நிறுத்திப் பிரிச்சா ரப்பர் புஷ் எல்லாம் மாவா உதிர்ந்து கிடக்கு! பரீட்சையில அந்தப் பாடத்துல எனக்கு எண்பதுக்கு மேல மார்க்கு.

ஃபோர்மேன் திருநெல்வேலிப் பக்கத்து ஆளு. நாங்க அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். திட்டுவாருன்னு நின்னேன். டயல் கேஜை எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தாரு. எங்க தகடு வைக்கணும், எந்த போல்ட்டை முதல்ல முடுக்கணும், முள் எவ்வளவு நகர்ந்தா விடலாம்னு சாயங்காலம் வரைக்கும் சொல்லிக் கொடுத்தாரு. "புஷ் போனா போவுது. இனிமே உனக்கு இது மறக்காதுல்லா?" அவ்ளோதான் சொன்னது. சம்பளத்துல அஞ்சு பைசா புடிக்கல.

இன்னிக்கு வரைக்கும் மறக்கல. இப்ப சொல்லுங்க, என் எக்ஸ்பீரியன்ஸ் யாரோடது? நான் ஊர்ல இருந்து மஞ்சப்பையில கட்டி எடுத்துட்டு வந்ததா? அண்ணாச்சி கொடுத்தது சாமி! அனுபவம்ங்கறது தேடி வர்றவன் கொண்டு வர்ற பொருள் இல்லை. ஏற்கனவே உள்ளே இருக்குறவன் எடுத்துக் கொடுக்குற பொருள். ரெண்டு வருஷ அனுபவத்தோட வான்னு சொல்ற ஒவ்வொரு ஆலையும், வேற ஏதோ ஒரு அண்ணாச்சி ஆக்கி வச்ச சோத்தை எனக்குப் பரிமாறுன்னு கேக்குது. எல்லா ஆலையும் இப்படியே கேட்டா அடுப்பு பத்த வைக்கிறது யாரு?

"அதுக்குத்தான் அப்ரண்டிஸ் இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு, 1961ல இருந்தே சட்டம் இருக்கு. 2019ல திருத்தின விதிப்படி, 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல, மொத்த ஆள் கணக்குல 2.5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும். கவனிங்க, அந்த மொத்தத்துல கான்ட்ராக்ட் ஆளுங்களும் சேர்த்தி. நானூறு பேர் இருக்குற ஆலைன்னா குறைஞ்சது பத்துப் பேர், அதிகபட்சம் அறுபது. அதே 2019 விதியில பட்டதாரிக்குக் குறைஞ்சபட்ச உதவித்தொகையை மாசம் 9,000 ரூபாய்னு வச்சாங்க. இதை 36 சதவீதம் ஏத்தணும்னு 2025ல மத்தியப் பயிற்சிக் கவுன்சில் பரிந்துரை பண்ணிச்சு. ஓ.என்.ஜி.சி. அப்ரண்டிஸ் அறிவிப்புல காரைக்கால் பேரும் வருது. நல்ல விஷயம், மறுக்கல.

ஆனா இந்த வருஷம் முடிஞ்ச அப்புறம்? அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை, பயிற்சி எடுக்குறவன்தான்னு சட்டமே சொல்லுது. முடிச்சவனுக்கு வேலை கொடுக்கணும்னு கட்டாயம் இல்லை. அவங்களை எப்படி எடுப்போம்னு ஒவ்வொரு நிறுவனமும் தானே ஒரு கொள்கை வச்சுக்கணும்னு 2014 திருத்தம் சொல்லுது, அவ்ளோதான். இதுல பெரிய கூத்து இன்னொண்ணு. ஒரு வருஷம் அப்ரண்டிஸ் முடிச்ச பட்டதாரி மறுபடியும் அப்ரண்டிஸா சேர முடியாது. ஆனா கேட்டுல கேக்குறது ரெண்டு வருஷம்! அதுவும் பல வேலை அறிவிப்புல 'அப்ரண்டிஸ் காலம் அனுபவமாகக் கருதப்படாது'ன்னு ஒரு வரி பொடி எழுத்துல இருக்கும். அப்ப அந்த ஒரு வருஷம் அவன் என்ன பண்ணான், மாங்கனித் திருவிழா வேடிக்கை பாத்தானா?

கம்பெனிக்காரங்க தரப்பையும் சொல்லிடறேன். "நாங்க சொல்லிக் கொடுப்போம், அவன் ஒரு வருஷத்துல கத்துக்கிட்டு வளைகுடாவுக்கு ஓடிடுவான்." உண்மைதான், ஓடத்தான் செய்யறாங்க. நானே அம்பத்தூரை விட்டு ஓடினவன்தான். ஆனா ஓடினவன் இன்னொரு ஆலையிலதான் போய் நிக்கிறான். எல்லாரும் சொல்லிக் கொடுத்தா எல்லாருக்கும் ஆள் கிடைக்கும். யாருமே சொல்லிக் கொடுக்கலைன்னா கடைசியில 'ஆளே கிடைக்கல'ன்னு எல்லாரும் அழ வேண்டியதுதான். இப்ப அழறாங்களே, அந்த மாதிரி.

"ஏன், சென்னைக்குப் போகட்டுமே?" போகட்டும், தப்பே இல்லை. ஆனா போறதுக்கும் துரத்தப்படுறதுக்கும் வித்தியாசம் இருக்கு. மேன்ஷன் வாடகை, சாப்பாடு எல்லாம் போக முதல் சம்பளத்துல ஊருக்கு அனுப்ப ஒண்ணும் மிஞ்சாது. வீட்டுல இருந்து ஆறு மாசம் காசு அனுப்ப முடிஞ்சவன்தான் அந்த முதல் வருஷத்தைத் தாண்டுவான். முடியாதவன் பி.டெக்கை மறைச்சுட்டு ஹெல்பரா போவான். இதுல திறமை எங்கய்யா வந்துச்சு?

நான் கேக்குறது மூணே மூணு. ஒண்ணு, அப்ரண்டிஸ் பண்ண ஒரு வருஷத்தை ஒரு வருஷ அனுபவமா எண்ணுங்க. ரெண்டு, ஒவ்வொரு ஆலையும் வாசல்ல போர்டு வைக்கட்டும்: கான்ட்ராக்ட் சேர்த்து எத்தனை பேரு, அப்ரண்டிஸ் எத்தனை பேரு, அதுல வேலைக்கு எடுத்தது எத்தனை பேரு. அரசோட சொந்த மின்நிலையத்துல இருந்தே இதை ஆரம்பிக்கலாம். மூணாவது உங்களுக்கு. ஆமா, உங்களுக்கேதான். இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேரு இன்னிக்கு மேனேஜர், டீம் லீடர்னு உக்காந்திருப்பீங்க. அடுத்த தடவை ஆள் எடுக்க விளம்பரம் எழுதும்போது அந்த 'மினிமம் ரெண்டு வருஷம்' தானா கையில வரும். ஒரு நிமிஷம் நிறுத்தி, உங்க அண்ணாச்சியை நினைச்சுப் பாத்துட்டு, அந்த வரியை அடிச்சுடுங்க.

மருமகன் ஹெல்பர் வேலைக்குப் போகல. அப்ரண்டிஸுக்கு எழுதிப் போட்டிருக்கான், பார்ப்போம். அவன்கிட்ட ஆறுதலா ஏதாவது சொல்லலாம்னு, "எல்லாம் நேரம்டா மாப்ள, சனி விலகினா சரியாயிடும்"னேன்.

"சனியாவது ரெண்டரை வருஷத்துல நகர்ந்துடும் மாமா. இவங்க நகர மாட்டேங்குறாங்களே"ன்னுட்டான்.

பதில் சொல்லத் தெரியல. அதான் இங்க எழுதிட்டேன்.

டிஸ்கி: அப்ரண்டிஸ் பதிவுக்கான அரசுத் தளம் 'நேட்ஸ்'. பதிவு பண்ண காசு கிடையாது. யாராவது 'உள்ளே ஆள் இருக்கு, கொஞ்சம் செலவாகும்'னு வந்தா, நளன் குளத்துல முழுக்குப் போட்டுட்டு வரச் சொல்லுங்க.